துருவேறா எஃகும் குளிர்கடல் அடித்தள உயிர்களும்: பிரிந்து எழுதப்பட்ட இரு வரலாறுகள் (1824–1999)

ஆய்வுச் சுருக்கம்

கடல்நீரில் துருவேறா எஃகு அரிக்கப்படுவதைப் பற்றிய ஆய்வுகளும், குளிர்ந்த கடலடியில் வாழும் உயிர்க்கூட்டங்களைப் பற்றிய ஆய்வுகளும் நெடுங்காலம் தனித்தனித் துறைகளாகவே நடந்துவந்தன. உலோகத்தைச் சோதித்தோர் அதன்மேல் ஒட்டியவற்றைச் சுரண்டி நீக்கிவிட்டு எடை பார்த்தனர். உயிர்களை எண்ணியோர் அவை ஒட்டியிருந்த உலோகத்தைப் பெரும்பாலும் வெறும் தளமாகவே கொண்டனர். ஹம்ப்ரி டேவியின் 1824ஆம் ஆண்டுச் சோதனைகள், 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் பசிபிக் ஆழத்தில் நடத்திய சோதனைகள், 1976இல் ஜெனோவா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு, 1999இல் வடகடல் எண்ணெய்க் கட்டமைப்புகளில் அறியப்பட்ட பவளம் ஆகியவற்றை இக்கட்டுரை ஒருசேர வைத்துப் பார்க்கிறது. அரிமானத்தை நிறுத்த மேற்கொண்ட வழிகள் உயிர்கள் குடியேற இடம் திறந்தன என்பதையும், அவ்வுயிர்கள் திரும்ப அரிமானத்தின் காரணிகளுள் ஒன்றாயின என்பதையும் காட்டுவது இதன் நோக்கம்.

திறவுச் சொற்கள்: துருவேறா எஃகு, இடுக்கு அரிமானம், உயிர்ப்படலம், எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு, குளிர்நீர்ப் பவளம், வடகடல்.

முன்னுரை

துருவேறா எஃகுக்குத் தமிழர் வீடுகளில் வழங்கும் பெயர் 'எவர்சில்வர்'. என்றும் வெள்ளியாகவே இருப்பது என்னும் வணிக நம்பிக்கை அப்பெயரில் உறைந்திருக்கிறது. ஆயினும் உப்பை மட்டும் அதில் போட்டுவைக்காமல் பீங்கான் சாடியைத் தேடும் வழக்கமும் அதே வீடுகளில் உண்டு. ஈர உப்பு எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழச்செய்யும் என்பது அடுக்களையின் பட்டறிவு. கடலில் இறக்கப்பட்ட எஃகின் சிக்கலும் அடிப்படையில் இதுவே.

குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகின் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் ஒன்று தானாக உருவாகிறது. எஃகைக் காப்பது அப்படலமே. கீறினாலும் ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். கடல்நீரின் குளோரைடு அயனிகள் அதைத் துளைக்க முயல்வன. திறந்த பரப்பில் படலம் வென்றுவிடுகிறது. இணைப்பு வளையத்தின் அடியிலோ, திருகாணித் தலையின் கீழோ, ஒட்டிய சிப்பியின் அடியிலோ நீர் தேங்கி ஆக்சிஜன் தீர்ந்த இடுக்கில் அது தோற்கிறது. அங்கே நீர் அமிலமாகிக் குளோரைடு செறிந்து, வெளியே பளபளப்பு மாறாதிருக்க உள்ளே குடைவு நடக்கிறது. இதனை இடுக்கு அரிமானம் என்பர்.

இவ்விளக்கத்தில் உப்பும் ஆக்சிஜனும் உலோகமும் உள்ளன, உயிர் இல்லை. ஒட்டிய சிப்பிகூட ஒரு மூடியாகத்தான் வருகிறது. உயிர் எவ்வாறு கணக்கிலிருந்து விடுபட்டது, எப்போது மீண்டும் உள்ளே வந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

காக்கப்பட்ட செம்பு

கடல் உலோக ஆய்வின் தொடக்கம் எஃகில் இல்லை, செம்பில் உள்ளது. மரக் கப்பல்களின் அடிப்பாகத்தைத் துளைப்பான் புழுக்களிடமிருந்து காக்க, பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு அறைந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. புழு அணுகவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் தின்னப்பட்டுப் போயின. இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காக அழியும் என்ற உண்மை, அதற்கான கோட்பாடு பிறப்பதற்கு முன்பே கடற்படையின் செலவில் வெளிப்பட்டது.

செம்பும் கரைந்துகொண்டுதான் இருந்தது. தகடுகள் விரைந்து தேய்வதன் காரணத்தை ஆராயுமாறு கடற்படை வாரியம் அரச கழகத்தை 1823இல் கேட்டது. அப்போது கழகத் தலைவராயிருந்த ஹம்ப்ரி டேவி அப்பணியைத் தாமே ஏற்றார். 1824 சனவரியில் அவர் படித்த கட்டுரை, அலார்ம் கப்பலில் கேடாக நேர்ந்ததை மருந்தாகத் திருப்பியது. செம்புடன் சிறிதளவு துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ இணைத்தால் அது தான் கரைந்து செம்பைக் காக்கும். செப்புப் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு முதல் நூற்றைம்பதில் ஒரு பங்கு வரையிலான காப்பு உலோகமே போதும் என்பது அவருடைய கணக்கு. தன்னை இழந்து பிறிதைக் காக்கும் நேர்மின்வாய் என்று இன்று கற்பிக்கப்படும் முறை இதுவே.

அந்தக் கோடையிலேயே டேவி 'காமெட்' என்ற நீராவிக் கப்பலில் நார்வே நோக்கிப் பயணப்பட்டு, வேகமாக ஓடும் கப்பலில் காப்பிட்ட செம்பு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்த்தார். கொச்சியில் கட்டப்பட்ட 'சமராங்' என்ற கப்பலுக்கு இரும்புக் காப்புகள் பொருத்தப்பட்டன. அது நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்று 1825 சனவரியில் திரும்பியபோது அடிப்பாகம் தூய்மையாக இருந்ததாக அவர் மகிழ்ந்து பதிவுசெய்தார்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. காப்பிட்ட வேறு கப்பல்கள் பாசியும் கொட்டலசும் அப்பிய அடியோடு திரும்பின, வேகம் குறைந்தது. 1825 சூலையில், பணியிலிருந்த கப்பல்களின் காப்புகளைக் கழற்றக் கடற்படை ஆணையிட்டது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் அவை 1828 வரை இருந்தன. பத்திரிகைகள் டேவியை எள்ளின. 1829இல் ஜெனீவாவில் அவர் இறக்கும்வரை அந்தத் தோல்வி அவரைவிட்டு நீங்கவில்லை.

ஏன் தோற்றது? கரையும் செம்பு நஞ்சு. அது கரைவதனாலேயே பாசியின் வித்தும் கொட்டலசின் குஞ்சும் அதன்மேல் தங்க முடிவதில்லை. கரைவதை நிறுத்தினால் நஞ்சும் நின்றுபோகும். மிகையாகக் காக்கப்பட்ட செம்பின்மேல் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த வெண்படிவு உண்டாவதையும், அதன்மேல் பாசி பற்றுவதையும் டேவியே கண்டிருந்தார். வேதியியல் நோக்கில் அவருடைய சோதனை முழு வெற்றி. அது தோற்ற இடம் உயிரியல். அரிமானமும் உயிர்க்குடியேற்றமும் ஒரே தட்டின் இரு முனைகள் என்ற உண்மை 1825லேயே கையில் கிடைத்திருந்தது. பின்வந்தோர் அதிலிருந்து பெற்ற பாடம் வேறு. செம்பு சார்ந்த நச்சுப் பூச்சுகளைத் தேடும் வேலை கப்பல் கட்டுவோருக்குப் போயிற்று. மின்வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்து தூய உப்புக்கரைசலோடு நின்றுவிட்டது.

உலோகம் தூக்கிவந்த உயிர்கள்

இயற்கையியலாளர் பக்கத்திலும் ஓர் உலோகம் குறுக்கிட்டது. முந்நூறு பாகத்துக்குக் கீழே கடலில் உயிரில்லை என்ற எட்வர்டு ஃபோர்ப்சின் கருத்து 1840களிலிருந்து செல்வாக்குடன் இருந்தது. சார்டினியாவுக்கும் அல்ஜீரியக் கரையின் போனாவுக்கும் இடையே கிடந்த தந்திக் கம்பிவடம் பழுதாகி 1860இல் பொறியாளர் ஃபிளீமிங் ஜென்கின் மேற்பார்வையில் மேலே இழுக்கப்பட்டது. அந்த இரும்புக் கவசத்தின்மேல் பவளம் உள்ளிட்ட உயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. தூண்டிலில் தற்செயலாகச் சிக்கியவை என்று தள்ள முடியாதபடி அவை கம்பிவடத்தைப் பற்றியே வளர்ந்திருந்தது சான்றின் வலு. ஆழ்கடல் உயிரியலைத் தொடங்கிவைத்த சான்றுகளுள் ஒன்றாக இது நூல்களில் இடம்பெறுகிறது. கம்பிவடத்தின் இரும்பு எந்த அளவு துருவேறியிருந்தது என்பது பொறியாளர் அறிக்கைக்குரிய செய்தியாகவும், அதன்மேல் என்ன வளர்ந்தது என்பது விலங்கியலார்க்குரிய செய்தியாகவும் அப்போதே பிரிந்தன.

துருவேறா எஃகு பிறந்த கதை பலமுறை சொல்லப்பட்டது. இங்கு அதன் சுருக்கம் போதும். எசெனில் குருப் நிறுவனத்தின் பென்னோ ஸ்டிராஸ், எட்வார்டு மௌரர் ஆகியோர் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எஃகுக்கு 1912இல் காப்புரிமை கோரினர். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியமுள்ள எஃகை வார்த்தார். அவர் தேடியது துப்பாக்கிக் குழலுக்கான உலோகம். பயன் முதலில் மேசைக்கத்திக்குச் சென்றது. மாலிப்டினம் சேர்ப்பது அரிமானத் தாங்குதிறனைக் கூட்டும் என்பதை ஆஹனில் மொன்னார்ட்சு அதற்கு முன்பே குறித்திருந்தார். எவருடைய மனத்திலும் அப்போது கடலடி இல்லை. அமிலமும் காற்றும் வெட்டுக்கருவியுமே சோதனைக்களங்கள்.

கடலுக்கென்று முறையான சோதனை நிலையம் அமைந்தது 1935இல்தான். வட கரோலினாவின் கியூர் கடற்கரையில் பன்னாட்டு நிக்கல் நிறுவனத்துக்காக ஃபிரான்சிஸ் லாக் அதைத் தொடங்கினார். கொட்டலசு ஒட்டிய இடத்தின் அடியில் துருவேறா எஃகு குழிந்திருப்பது இத்தகைய நிலையங்களில் வழக்கமான காட்சியாயிற்று. அது உயிரின் வேலையாக அன்றி இடுக்கின் வேலையாகவே படிக்கப்பட்டது. ஒட்டியது கொட்டலசாயினும் ரப்பர் வளையமாயினும் விளைவு ஒன்றே என்பது அன்றைய நிலைப்பாடு. அது பிழையன்று, ஆனால் பாதி உண்மை.

ஒரு சட்டகம், இரு அறிக்கை வரிசைகள்

இப்பிரிவினையின் மிகத் தெளிவான சான்று கலிபோர்னியாவின் போர்ட் வைனீமி நகரிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பொறியியல் ஆய்வகம் 1960களில் அங்கிருந்து பெரும் சோதனைத் தொடர் ஒன்றை நடத்தியது. பலவகை உலோகத் தகடுகள் பொருத்திய சட்டகங்கள் பசிபிக்கில் ஏறத்தாழ 2,500 அடி, 6,000 அடி ஆழங்களில் இறக்கப்பட்டு, 123 முதல் 1,064 நாட்கள் வரை கிடந்தபின் மேலே எடுக்கப்பட்டன. 475 உலோகக் கலவைகளில் ஏறத்தாழ 20,000 மாதிரிகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. அந்த ஆழங்களில் நீர் 5 பாகை செல்சியசும் அதற்குக் குறைவும். 2,500 அடி ஆழத்தில் ஆக்சிஜன் மேற்பரப்பில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஃபிரெட் ரைன்ஹார்ட் எழுதிய அறிக்கைகள் உலோகத்தின் கணக்கைச் சொல்கின்றன. குளிரும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்தால் அரிமானம் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. சாதாரண எஃகைப் பொறுத்தவரை அது பெருமளவு நிறைவேறியது. துருவேறா எஃகுகள் அவ்வாறு பணியவில்லை. சில வகைகளில் விளிம்பில் தொடங்கிய குடைவு தகட்டின் தடிமனுக்குள்ளேயே சுரங்கம்போல் ஓடியது. வெளிப்பரப்பைப் பார்த்தால் ஊசித்துளை, உள்ளே வெறுங்கூடு. எடை இழப்பைக் கொண்டு ஆண்டுக்கு இத்தனை மைக்ரான் என்று கணக்கிடும் முறைக்கு இங்கே பொருளில்லை என்று ஆய்வகமே உணர்ந்தது. டைட்டானியம் ஏறத்தாழ போனபடியே திரும்பியது.

அதே ஆய்வகம், அதே கடல், அதே ஆண்டுகள். ஜேம்ஸ் முராவ்கா ஆழ்கடலில் பொருள்கள் உயிர்களால் கெடுவது பற்றித் தனியொரு அறிக்கை வரிசையை எழுதிவந்தார். மரத்தைத் துளைக்கும் ஸைலோஃபாகா என்ற ஆழ்கடல் சிப்பி, கயிற்றையும் நெகிழியையும் பற்றிய உயிரினங்கள், நுண்ணுயிர்ச் சளிப்படிவு ஆகியன அதன் பொருள். மரமும் சணலும் உயிரியலுக்கு, எஃகு வேதியியலுக்கு. பொருளை உயிர் 'தின்றால்' மட்டுமே அது உயிரியல் செய்தி. எஃகை எவ்வுயிரும் தின்பதில்லையாதலால், அதன் மேலிருந்த மெல்லிய சளி இரு வரிசைகளுக்கும் நடுவே விழுந்துவிட்டது. இது எவருடைய கவனக்குறைவும் அன்று. துறைகளின் வேலைப்பங்கீடு அவ்வாறு அமைந்திருந்தது. அறிக்கைத் தலைப்புகளே அதைப் பிரித்துக் காட்டுகின்றன.

சளி வேலை செய்கிறது

1976இல் பிரான்சின் யுவான்-லெ-பேன் நகரில் கடல் அரிமானமும் உயிர்ப்படிவும் குறித்த நான்காம் பன்னாட்டு மாநாடு கூடியது. இரு சொற்களும் ஒரே மாநாட்டுப் பெயரில் இருந்தும் அமர்வுகள் தனித்தனியாகத்தான் நடந்துவந்தன. ஜெனோவாவைச் சேர்ந்த மொல்லிக்கா, டிரெவிஸ் இருவரும் அங்கு பிரெஞ்சு மொழியில் அளித்த கட்டுரை, வினாடிக்கு 0.3 முதல் 5.2 மீட்டர் வரையிலான வேகத்தில் ஓடும் இயற்கைக் கடல்நீரில் துருவேறா எஃகின்மேல் உண்டாகும் முதற்படலத்தையும், அதே எஃகின் எதிர்மின்வாய் நடத்தையில் நேரும் மாற்றத்தையும் இணைத்துக் காட்டியது.

அவர்கள் கண்டதை எளிதாக இவ்வாறு கூறலாம். துருவேறா எஃகை வடிகட்டிய அல்லது செயற்கைக் கடல்நீரில் வைத்தால் அதன் மின்னழுத்தம் ஓரளவோடு நின்றுவிடுகிறது. இயற்கைக் கடல்நீரில் வைத்தாலோ சில நாட்கள் முதல் சில வாரங்களுக்குள் அது ஏறிக்கொண்டே போய், கலோமெல் மின்வாயை ஒப்பிட +300 முதல் +400 மில்லிவோல்ட்டை எட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம், ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுங்கும் வினையை விரைவுபடுத்துவதே காரணம். மின்னழுத்தம் ஏறுவது பட்டறை மொழியில் நல்ல செய்திபோல் ஒலிக்கும். உலோகம் 'உயர்ந்த' உலோகம்போல் நடந்துகொள்கிறது என்பர். உண்மையில் குளோரைடு படலத்தை உடைக்கும் எல்லையை நோக்கி எஃகு தள்ளப்படுகிறது. ஓர் இடுக்கில் அரிமானம் தொடங்கிவிட்டால், வெளிப்பரப்பு முழுவதும் பரவியுள்ள உயிர்ப்படலம் அதற்குத் தீனி போடும் எதிர்மின்வாயாகிறது.

உயிர்தான் காரணம் என்பதற்கு நேரடிச் சான்று 1985இல் வந்தது. ஸ்காட்டோவும் உடனாய்வாளரும் அவ்வாறு மின்னழுத்தம் ஏறிய எஃகுள்ள நீரில் உயிரணுவின் மூச்சை நிறுத்தும் சோடியம் அசைடு என்னும் நஞ்சைச் சேர்த்தனர். மின்னழுத்தம் இறங்கியது. உப்பும் உலோகமும் ஆக்சிஜனும் அப்படியே இருக்க, மாறியது உயிரின் நிலை மட்டுமே. நொதிகளா, ஐதரசன் பெராக்சைடா, படலத்தில் சேரும் மாங்கனீசு ஆக்சைடா என்று எந்திரத்தைப் பற்றிய வாதம் அதன்பின்னும் ஓயவில்லை. ஆனால் கணக்கில் உயிர் சேர்க்கப்பட்டுவிட்டது.

குளிர்நீரின் முறை அடுத்து வந்தது. அதே 1985இல் நார்வேயின் டிரொண்ட்ஹெய்மில் ராய் யோன்சன், ஐனார் பார்டல் இருவரும் வெவ்வேறு துருவேறா எஃகுகளின் எதிர்மின்வாய்ப் பண்புகளை இயற்கைக் கடல்நீரில் அளந்து வெளியிட்டனர். மத்தியதரைக் கடலின் இதமான நீருக்கே உரியது என்று ஐயுறத்தக்க விளைவு அங்கும் இருந்தது. மாலிப்டினம் மிகுந்த விலையுயர்ந்த எஃகுகளும் அதற்கு விலக்கல்ல; மின்னழுத்தம் எல்லாவற்றிலும் ஏறுகிறது, தாங்கும் எல்லைதான் வேறுபடுகிறது.

இங்கே ஒரு பழைய நம்பிக்கை தலைகீழானது. வெப்பம் குறைந்தால் இடுக்கு அரிமானமும் குறையும் என்பது ஆய்வக விதி; தூய கரைசலில் அது சரியானது. உயிருள்ள கடல்நீரிலோ, மிதமான மண்டலக் கடல்களின் நுண்ணுயிர்ப் படலம் ஏறத்தாழ 30 முதல் 40 பாகைக்கு மேல் தன் செயலை இழந்துவிடுகிறது. ஆகவே சூடேறிய குழாயில் உயிரின் தூண்டுதல் இல்லை. குளிர்ந்த குழாயில் உண்டு. குளிர் எஃகைக் காக்கிறது, குளிரில் வாழும் உயிர் அக்காப்பின் ஒரு பகுதியைப் பறிக்கிறது. எது மேலோங்கும் என்பதை உப்புக்கரைசல் வைத்த கண்ணாடிக் குவளை சொல்லாது.

கொல்வதன் விலை

வடகடல் எண்ணெய்த் தொழிலுக்கு இது பணம் சார்ந்த செய்தி. மேடைகளில் தீயணைப்புக்கும் குளிர்விப்புக்கும் கடல்நீர் ஓடும் குழாய்களுக்கு ஆறு விழுக்காடு மாலிப்டினம் கொண்ட எஃகு, குறிப்பாக சுவீடனின் ஆவெஸ்தா நிறுவனம் உருவாக்கிய 254 எஸ்.எம்.ஓ., பெருமளவில் வாங்கப்பட்டது. குழாயில் சிப்பி அடைக்காதிருக்க நீரில் குளோரின் கலப்பது வழக்கம். நுண்ணுயிரே தீங்கென்றால் அதைக் கொன்றுவிட்டால் போயிற்று என்று தோன்றும்.

குளோரின் நுண்ணுயிர்ப் படலத்தை ஒழித்தது. ஆனால் குளோரினே வலிய ஆக்சிஜனேற்றி. குளோரின் கலந்த கடல்நீரில் துருவேறா எஃகின் மின்னழுத்தம் +600 மில்லிவோல்ட்டை ஒட்டி ஏறியது. உயிர் ஏற்றியதைவிட உயிரைக் கொன்ற நஞ்சு மேலே ஏற்றிவிட்டது. அரிமானம் தொடங்கும் வாய்ப்புக் கூடியது. இணைப்புகளின் இடுக்கில் இந்த உயர்தர எஃகும் கசிந்தது. மறுபுறம், படலம் இல்லாததால் எதிர்மின்வாயின் வலு குறைந்து, தொடங்கிய அரிமானம் மெதுவாகவே பரவியது. உயிர் இருந்தால் தொடங்குவது அரிது, தொடங்கினால் விரைவு. குளோரின் இருந்தால் தொடங்குவது எளிது, பரவுவது மெல்ல. நார்வேயின் நோர்சோக் தரவிதி இவ்வகை எஃகுக்குக் குளோரின் கலந்த கடல்நீரில் 20 பாகை அளவில் உச்சவரம்பு வைத்ததன் பின்னணி இந்த அனுபவமே. டேவியின் தட்டு இங்கும் ஆடுகிறது, எதிர்ப்பக்கமாக: அங்கே அரிமானத்தைத் தடுத்ததும் உயிர் வந்தது, இங்கே உயிரைத் தடுத்ததும் அரிமானம் தொடங்கியது.

கடலடியின் காலம்

ஒரு முறையியல் குறை இன்னும் உண்டு. போர்ட் வைனீமியின் மிக நீண்ட சோதனை 1,064 நாட்கள், அதாவது மூன்று ஆண்டுக்கும் குறைவு. குளிர்ந்த கடலடி உயிர்க்கூட்டங்கள் வேறு கடிகாரத்தில் இயங்குகின்றன. அண்டார்க்டிக்காவின் மெக்மர்டோ நீரிணையில் பால் டேட்டன் 1967 முதல் கடற்பஞ்சுகளை ஆராய்ந்து, செயற்கைப் பரப்புகளையும் அடியில் இறக்கிவைத்தார். 1989 வரையிலான இருபத்திரண்டு ஆண்டுகளில் அவற்றில் கடற்பஞ்சுகள் குறிப்பிடும்படி குடியேறவில்லை. உறைநிலையை ஒட்டிய நீரில் எதுவும் மெதுவாகத்தான் நடக்கும் என்று முடிவுகட்ட அது போதுமானதாகத் தோன்றியது. 2000க்குப்பின் மீண்டும் பார்த்தபோது அதே பரப்புகளில் பெரிய கடற்பஞ்சுகள் நின்றன. குடியேற்றம் சீராக அன்றி, நீண்ட வெறுமைக்குப்பின் திடீரென நிகழ்ந்திருந்தது.

அரிமான ஆய்வுக்கு இதன் பொருள் கடுமையானது. மூன்று ஆண்டுச் சோதனையில் வெறுமையாகத் திரும்பிய தகடு, குளிர்கடலில் அப்பொருள்மேல் உயிர் ஏறாது என்பதற்குச் சான்றாகாது. சோதனை, வெறுமையான இடைவெளியில் விழுந்திருக்கலாம். முதல் வார நுண்ணுயிர்ப் படலத்தை அளக்கும் ஆய்வுகள் நிறைய உள்ளன. அதற்கு இருபது ஆண்டுக்குப் பின் அதே எஃகின்மேல் நிற்கும் கடற்பஞ்சும் பவளமும் கீழுள்ள உலோகத்துக்கு என்ன செய்கின்றன என்று கேட்கும் ஆய்வுகள் மிகச் சில. இரு துறைகளும் சந்திக்கவேண்டிய இடம் அதுவே.

பவளம் ஏறிய எண்ணெய்க் கட்டமைப்பு

பெரிய மேடைகளின் கால்கள் துருவேறா எஃகால் ஆனவை அல்ல. அவற்றைக் காப்பது டேவியின் முறை. அலுமினியம் அல்லது துத்தநாகக் கட்டிகள் எஃகோடு பற்றவைக்கப்பட்டுத் தாம் கரைகின்றன. 1824இல் செம்பின்மேல் கண்ட அதே வெண்படிவு இங்கே வரவேற்கப்படுகிறது. அது படிந்தால் தேவைப்படும் மின்னோட்டம் குறையும். குளிர்நீரில் சுண்ணாம்பு எளிதில் படியாது. அதனால்தான் ஆழம் குறைந்த நீரில் தொடக்க மின்னோட்டமாகச் சதுர மீட்டருக்கு வெப்பமண்டலத்தில் 0.150 ஆம்பியர் என்று வைக்கும் நார்வேயின் டி.என்.வி. பரிந்துரை, 7 பாகைக்குக் கீழ்ப்பட்ட நீருக்கு 0.250 என்று கேட்கிறது.

பிரென்ட் ஸ்பார் இவ்வாறு காக்கப்பட்ட எஃகுக் கட்டமைப்புகளுள் ஒன்று. ஷெல் நிறுவனம் 1976இல் வடகடலில் நிறுத்திய மிதவைக் கிடங்கு அது. 1995இல் அதை அட்லாண்டிக் ஆழத்தில் மூழ்கடிக்க நிறுவனம் எடுத்த முடிவை எதிர்த்து கிரீன்பீஸ் அமைப்பினர் அதன்மேல் ஏறி அமர்ந்தனர். ஐரோப்பாவெங்கும் எழுந்த புறக்கணிப்புக்குப் பின் சூன் 20 அன்று ஷெல் பின்வாங்கியது. மிதவை நார்வேயின் எர்ஃபியோர்டுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 1998இல் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் ஆணையம் கைவிடப்பட்ட மேடைகளைக் கடலில் விடுவதைத் தடைசெய்தது. மிகப் பெரிய எஃகுக் கால்களுக்கும் காங்கிரீட் கட்டமைப்புகளுக்கும் மட்டும் விலக்குக்கு வழி வைத்தது. விவாதம் முழுவதும் எண்ணெய்க் கசடு, கன உலோகம், கடலின் தூய்மை என்றே நடந்தது.

விவாதம் முடிந்தபின்தான் மிதவையின் அடியில் இருந்தது பொதுவெளிக்கு வந்தது. பெல், ஸ்மித் இருவரும் 1999இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட குறிப்பு, பிரென்ட் ஸ்பாரில் லோஃபெலியா பெர்டூசா என்னும் குளிர்நீர்ப் பவளம் வளர்ந்திருந்ததை அறிவித்தது. ஒளி எட்டாத ஆழத்தில் திட்டுகளை எழுப்பும் இப்பவளம் நார்வேக் கரையோரம் பெருந்திட்டுகளாக உள்ளது. அவற்றில் 30 முதல் 50 விழுக்காடு வரை அடியிழுவலையால் சிதைந்திருக்கலாம் என்று ஃபோசோவும் உடனாய்வாளரும் 2002இல் மதிப்பிட்டனர். அதே காலத்தில், உயிரற்ற கழிவு என்று கருதப்பட்ட எஃகின்மேல் அது குடியேறிக்கொண்டிருந்தது. பின்னர் காஸ், ராபர்ட்ஸ் ஆகியோர் வடகடலில் ஆராய்ந்த 14 மேடைகளுள் 13இல் அதைக் கண்டனர்.

இச்செய்தியைத் தொழில் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் திருப்ப முயன்றோரும் உண்டு. மேடைகளை அங்கேயே விட்டால் பவளத்துக்கு நல்லது என்ற வாதம் கேட்கப்பட்டது. அவ்வாதத்தில் அரிமானக் கணக்கு விடுபட்டுள்ளது. காப்புக் கட்டிகள் மேடையின் பணிக்காலத்தை எண்ணி அளந்து வைக்கப்பட்டவை. அவை தீர்ந்தபின் புதுப்பிக்க ஒருவரும் இல்லாவிட்டால் பவளம் நிற்கும் தளமே துருவாக உதிரத் தொடங்கும். எஃகைப் பற்றி அறிந்தோர் பவளத்தின் ஆயுளையும், பவளத்தைப் பற்றி அறிந்தோர் கட்டிகளின் ஆயுளையும் கேட்டிருந்தால் அவ்விவாதம் வேறு வகையில் நடந்திருக்கும். திட்டு ஒன்று உருவாக நூற்றாண்டுகளும் ஆயிரம் ஆண்டுகளும் ஆகும். காப்புக் கட்டிகள் சில பத்தாண்டுகளுக்கானவை.

பிரென்ட் ஸ்பாரைப் பொறுத்தவரை அவ்வினா எழவே இல்லை. அதன் உடல் வளையங்களாக அறுக்கப்பட்டு, 1999இல் ஸ்டவாங்கருக்கு அருகேயுள்ள மெக்யார்விக்கில் துறைமுக மேடைக்கு அடித்தளமாக மீண்டும் கடல்நீரிலேயே இறக்கப்பட்டது.